சாவிக்கொத்தும் கணக்கேடும்

1427-ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் குடியரசு தன் ஆட்சிக்குட்பட்ட எல்லாக் குடும்பங்களையும் கணக்கெடுத்தது. மிலானோடு நடந்துகொண்டிருந்த போரில் கருவூலம் வற்றிப்போயிருந்தது. யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் வரி போட முடியும். வீடு, நிலம், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன், வீட்டில் இருப்பவர்களின் வயது என எல்லாவற்றையும் குடும்பத் தலைவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 60,000 குடும்பங்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 'கடாஸ்தோ' எனப்படும் இந்தப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து டேவிட் ஹெர்லிஹி, கிறிஸ்தியான் கிளாபிஷ்-சூபர் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் அந்தப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார்கள். அதில் ஓர் எண் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஃபிளாரன்ஸ் நகரில் 12 வயதைத் தாண்டிய பெண்களில் நான்கில் ஒருவர் கைம்பெண். மனைவியை இழந்து தனியாக இருந்த ஆண்களோ நூற்றுக்கு நான்கு பேர்தான்.

பிளேக் நோய் ஆண், பெண் பார்த்துக் கொல்வதில்லை. பிரசவத்தில் சாவது பெண்கள்தான். அப்படியானால் மனைவியை இழந்த ஆண்கள் அல்லவா அதிகம் இருக்க வேண்டும்? கணக்கு ஏன் தலைகீழாக நிற்கிறது?

விடை கல்யாண வயதில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் பெண்ணுக்கு 18 வயதை ஒட்டித் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 30 வயது ஆகியிருக்கும். தொழிலில் காலூன்றிய பிறகுதான் ஆண் மணம் செய்வான். பன்னிரண்டு வயது மூத்தவன் முன்னால் போவது இயல்பு. மனைவி முன்னால் போனால் அவன் சீக்கிரமே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்வான். கணவனை இழந்தவளுக்கு அந்த வழி அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. இருபது வயதுக்கு முன் கணவனை இழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மறுமணம் செய்துகொண்டார்கள். இருபதுகளில் இழந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு. முப்பதுகளில் இழந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவர்தான்.

மறுமலர்ச்சிக் காலத்தின் தலைநகரம் என்று நாம் கொண்டாடும் ஊர் இது. கிரேக்க, இலத்தீன் நூல்களைத் தேடிப் பிடித்துப் படித்து, மனிதன் எப்படி வாழ வேண்டும் என்று புதிதாக யோசித்த மானுடவாதிகள் நடமாடிய தெருக்கள் இவை. அவர்கள் மனைவியைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். அவற்றைப் படிக்கும்போது இந்த நான்கில் ஒரு பங்குப் பெண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அந்தச் சிந்தனையின் வலிமையும் ஓட்டையும் கைம்மை என்ற இடத்தில்தான் நன்றாகத் தெரிகின்றன.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். சீதனம் இல்லாமல் கண்ணியமான திருமணம் இல்லை என்பது அந்த ஊர் வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் பட்ட பாட்டைக் கண்டு 1425-இல் அரசே ஒரு சீதன நிதியைத் தொடங்கியது. மகள் சிறுமியாக இருக்கும்போது தகப்பன் அதில் பணம் போடுவான். ஏழரை ஆண்டு அல்லது பதினைந்து ஆண்டு தவணை. தொடக்கத்தில் 100 ஃப்ளோரின் போட்டால் பதினைந்து ஆண்டு முடிவில் 500 ஃப்ளோரின் சீதனமாக மாப்பிள்ளை கைக்குப் போய்ச் சேரும். மகள் இடையில் இறந்துவிட்டால் போட்ட பணம் அரசுக்கு. மகள்களின் கல்யாணக் கவலையை வைத்து ஒரு குடியரசு தன் போர்ச்செலவைச் சமாளித்தது என்பது பொருளாதார வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

சட்டப்படி இந்தச் சீதனம் பெண்ணுடைய சொத்து. கணவன் உயிரோடு இருக்கும்வரை நிர்வாகம் அவனுடையது; அவன் இறந்தால் அதை அவளுக்குத் திருப்பித் தர வேண்டும். அங்கேதான் இழுபறி தொடங்கும். பிறந்த வீட்டார், "பெண்ணையும் பணத்தையும் எங்களிடம் அனுப்புங்கள், வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கிறோம்" என்பார்கள். புகுந்த வீட்டார், "இங்கேயே இரு, பிள்ளைகளை வளர்" என்பார்கள். அவள் இருந்தால் சீதனமும் இருக்கும். பிள்ளைகளோ தகப்பன் வம்சத்துக்கு உரியவர்கள். அவள் மறுமணம் செய்யப் புறப்பட்டால் அவர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஃபிளாரன்ஸ் வணிகர் ஜொவான்னி மொரெல்லி சிறு பிள்ளையாக இருந்தபோது, 1374-இல் தகப்பனார் இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டு போனார். வளர்ந்து குடும்பக் குறிப்பேடு எழுதியபோதும் தாய் விட்டுப்போனார் என்ற ஆறாத மனக்குறை மொரெல்லிக்கு இருந்தது. அந்தத் தாய்க்கு முடிவெடுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

இப்போது மானுடவாதிகளிடம் வருவோம். 1415-இல் வெனிஸ் நகரத்து இளைஞர் பிரான்செஸ்கோ பார்பரோ ஃபிளாரன்ஸுக்கு வந்து மெடிசி குடும்பத்தின் லோரென்ஸோவோடு பழகினார். இந்த லோரென்ஸோ புகழ்பெற்ற கோசிமோ டி மெடிசியின் தம்பி. லோரென்ஸோவுக்கு ஜினெவ்ரா கவல்கான்டியோடு திருமணம் நிச்சயமானது. நகைநட்டு கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எண்ணிய பார்பரோ, இலத்தீனில் ஒரு நூலையே எழுதித் திருமணப் பரிசாகக் கொடுத்தார். எப்படிப்பட்ட மனைவியைத் தேர்வது, அவள் கடமை என்ன என்பதே அதன் பொருள். எழுதியபோது அவருக்கு வயது சுமார் இருபத்தைந்து. தமக்கே திருமணம் ஆகியிருக்கவில்லை.

சீதனத்தைப் பார்க்காதே, குணத்தைப் பார் என்கிறார் பார்பரோ. பிள்ளையின் குணமும் அறிவும் தாயிடமிருந்தே தொடங்குகின்றன என்று பெருமைப்படுத்துகிறார். பணக்கார வீடுகளில் குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிடும் வழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில், பெற்றவளே பாலூட்ட வேண்டும் என்று வாதாடுகிறார். இதெல்லாம் அன்றைக்குப் புதுக் குரல். அதே நூலில், நல்ல மனைவியின் பேச்சு அவளுடைய உடம்பைப் போலவே பிறர் அறியாமல் மறைத்துக் காக்கப்பட வேண்டியது என்றும் எழுதுகிறார். வருங்காலக் குடிமகனை உருவாக்கும் பொறுப்பைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவள் வாயை மூடிவிடுகிறார். புளூட்டார்க்கைப் படித்து அவர் கற்றது இதையும்தான். பழைய நூல்களை உயிர்ப்பித்தவர்கள் அவற்றிலிருந்த பழைய தடைகளையும் சேர்த்தே உயிர்ப்பித்தார்கள்.

1430-களில் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி குடும்பத்தைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். கட்டடக்கலை, ஓவியம், கணிதம் எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர், திருமணம் செய்யாதவர். அந்த நூலின் மூன்றாம் பகுதியில் ஜன்னோஸோ என்ற பெரியவர் தம் புது மனைவிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியதை விவரிக்கிறார். தானியம் எங்கே, மது எங்கே, துணிமணி எங்கே, வெள்ளிப் பாத்திரம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். நகைகளைக்கூடக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் காட்டுவதில்லை: கணக்குப் புத்தகங்களும் முன்னோர் ஆவணங்களும். அவை அவருடைய தனி அறையில் பூட்டியிருக்கும். மனைவி அவற்றைப் படிப்பது இருக்கட்டும், பார்ப்பதற்குக்கூட அனுமதி கிடையாது. வீட்டுச் சாவிக்கொத்து மனைவியிடம், கணக்கேடு கணவனிடம். இதுதான் அந்த நூலின் குடும்ப ஒழுங்கு.

ஜன்னோஸோ இறந்துவிட்டால்? அந்த அறையை யார் திறப்பது? வரிக்கணக்கை யார் எழுதிக் கொடுப்பது? இதை அந்த நூல் கேட்கவில்லை. ஆனால் ஊரில் நான்கில் ஒரு பெண்ணுக்கு இந்தக் கேள்வி வந்துகொண்டிருந்தது.

அலெஸ்ஸாண்ட்ரா மச்சிங்கி ஸ்ட்ரோஸிக்கும் வந்தது. 1422-இல், பதினான்கு பதினைந்து வயதில், மத்தேயோ ஸ்ட்ரோஸிக்கு மனைவியானார். சீதனம் 1,600 ஃப்ளோரின். 1434-இல் கோசிமோ டி மெடிசி அதிகாரத்தைப் பிடித்ததும் எதிர்த்தரப்புக் குடும்பங்களை ஊரைவிட்டு அனுப்பினார். மத்தேயோ பெசாரோ நகரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அலெஸ்ஸாண்ட்ரா பிள்ளைகளோடு உடன் போனார். அடுத்த ஆண்டே பிளேக். கணவனையும் மூன்று குழந்தைகளையும் இழந்து, வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு ஃபிளாரன்ஸ் திரும்பினார். எந்த மெடிசி வீட்டுக்குப் பார்பரோவின் நூல் கல்யாணப் பரிசாகப் போனதோ, அந்த வீட்டின் அரசியல்தான் இவரை இந்த நிலைக்குத் தள்ளியது.

வயது முப்பதுகூட ஆகவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்; நிலத்தை நிர்வகித்தார்; வரி கட்ட நிலத்தை விற்றார். மகன்கள் வெளியூரில் வணிகம் பழகப் போனார்கள். பின்னால் அவர்களுக்கும் ஊருக்குள் வரத் தடை வந்தது. மகன்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் 73 நமக்குக் கிடைத்திருக்கின்றன. இலத்தீன் இல்லை, மேற்கோள் இல்லை; வீட்டில் பேசுவது போன்ற தஸ்கன் மொழி.

1447-இல் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். மகள் கத்தெரினாவுக்குப் பட்டு வணிகர் மார்கோ பரென்டியோடு சம்பந்தம் பேசி முடித்ததை மூத்த மகனுக்குச் சொல்கிறார். சீதனம் 1,000 ஃப்ளோரின். அதில் பாதி அந்த அரசு நிதியிலிருந்து வர வேண்டியது. இதைவிடப் பெரிய குடும்பத்தில் கொடுக்கலாம்தான். 1,400, 1,500 ஆகும். அது உங்களையும் என்னையும் அழித்துவிடும் என்று விளக்குகிறார். பெண்ணுக்கும் பதினாறு முடிந்துவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. மாப்பிள்ளை சிவப்பு வெல்வெட்டில் உடை தைக்கச் சொல்லியிருக்கிறார். இறகும் முத்தும் வைத்த தலைமாலை மட்டும் 80 ஃப்ளோரின். பெண் வெளியே புறப்பட்டால் 400 ஃப்ளோரினுக்கு மேல் அவள் உடம்பில் இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். பெற்றவள் பெருமையும் கணக்குப்பிள்ளையின் கண்ணும் ஒரே வரியில் வருகின்றன.

இன்னொரு காட்சி, 1465. மூத்த மகன் ஃபிலிப்போவுக்குப் பெண் தேடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசைக்குப் பேராலயத்துக்குப் போகிறார். வேறொரு வீட்டுப் பெண்ணைப் பார்க்கத்தான் போனார். அங்கே இன்னொருத்தி கண்ணில் பட்டாள். யாரென்று தெரியாமலே பக்கத்தில் போய் உட்கார்ந்து அளவெடுக்கிறார். நல்ல உடற்கட்டு. முகம் கொஞ்சம் நீளம். நடையைப் பார்த்தால் தூங்குமூஞ்சி இல்லை. பூசை முடிந்து பின்னாலேயே போனபோதுதான் தெரிகிறது, முன்பே பேச்சு அடிபட்ட தனாலி குடும்பத்துப் பெண் அவள் என்று. இதெல்லாம் கடிதத்தில் அப்படியே இருக்கிறது. பெண் எடுப்பவர்கள் பணத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று எந்தப் பூச்சும் இல்லாமல் சொன்னவரும் இவரே. சீதனத்தைப் பார்க்காதே என்ற பார்பரோவின் உபதேசத்தை இதன் பக்கத்தில் வைத்தால் எது நூல், எது ஊர் என்று விளங்கும்.

அலெஸ்ஸாண்ட்ராவைப் பெண் விடுதலையின் முன்னோடியாக்கிக் காட்டுவது சரியாகாது. அவருடைய உழைப்பெல்லாம் ஸ்ட்ரோஸி ஆண்களின் வீட்டை மறுபடி எழுப்பத்தான். பிற பெண்களை அவரும் சரக்கைப் போலவே எடைபோட்டார். ஆனாலும் ஆல்பெர்ட்டி பூட்டி வைத்த அறையின் வேலை முழுவதையும் ஒரு பெண் முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தார் என்பதற்கு இந்தக் கடிதங்கள் சாட்சி. பெண்ணால் ஆகாது என்று சொல்லப்பட்டதெல்லாம் கணவன் இறந்த மறுநாளே அவளால் ஆகவேண்டியிருந்தது.

எல்லாக் கைம்பெண்களுக்கும் 1,600 ஃப்ளோரின் சீதனம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. வரிக்கணக்கில் தனியாகக் குடும்பம் நடத்திய கைம்பெண்களில் ஏழைகளே மிகுதி. 1370-களில் ஆல்பெர்ட்டி குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோலோ இவர்களுக்காக ஓர்பத்தெல்லோ என்ற இல்லத்தைக் கட்டினார். பிள்ளைகளோடு அங்கே தங்கலாம். அந்தப் பெண்கள் எழுதிய கடிதம் எதுவும் நம் கையில் இல்லை.

படித்த பெண்களின் கதை வேறு. லியோனார்தோ புரூனி என்ற பெரிய அறிஞர் பத்திஸ்தா மலதெஸ்தா என்ற பிரபுக்குலப் பெண்ணுக்குப் படிப்புத் திட்டமே வகுத்துக் கொடுத்தார். வரலாறு, கவிதை, அறநூல் எல்லாம் உண்டு. மேடைப் பேச்சுக் கலை மட்டும் வேண்டாம். அது அரங்கத்தில் வாதாடும் ஆண்களுக்கு என்றார். அன்றைய கல்வியின் உச்சமே பேச்சுக் கலைதான். ஏணியைக் கொடுத்துக் கடைசிப் படியை எடுத்துவிட்டார். வெரோனாவின் இஸோட்டா நொகரோலா அந்த ஏணியில் ஏறிப் பார்த்தார். 1430-களின் இறுதியில் பெயர் போடாத ஒருவர் அவர் ஒழுக்கத்தையே இழிவுபடுத்தி எழுதினார். படித்த பெண் பேசினால் ஊர் இப்படித்தான் பதில் சொன்னது.

பிரெஸ்சா ஊரில் 1469-இல் பிறந்த லாரா செரெட்டாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். கணவர் பியெத்ரோ செரினா வெனிஸில் கடை வைத்திருந்தவர். ஒன்றரை ஆண்டுக்குள் நோய் அவரைக் கொண்டுபோயிற்று. குழந்தை இல்லை. துக்கத்தில் கிடந்த அந்தப் பெண் மறுபடி எழுந்து படிப்புக்குத் திரும்பினார். 1488-க்குள், இருபது வயது நிறையும் முன், இலத்தீன் கடிதத் தொகுப்பு ஒன்றை உருவாக்கிச் சுற்றுக்கு விட்டார். உன்னைப் போன்ற அறிவுள்ள பெண் ஓர் அதிசயம் என்று புகழ்பவருக்கு அவர் எழுதிய பதில் கோபம் நிறைந்தது. என்னை அதிசயம் என்பது மற்றப் பெண்களை இழிவுபடுத்துவது. கற்கும் திறனை இயற்கை எல்லோருக்கும் சமமாகவே கொடுத்திருக்கிறது. உழைப்பதும் உழைக்காததும் அவரவர் தேர்வு என்பது அதன் சாரம். 1499-இல் மறைந்தார். அதற்குள் இன்னும் எவ்வளவு எழுதியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கைம்மைக்கென்றே தனி நூல்கள் எழுந்தன. ஸ்பெயினின் வாலென்சியாவில் பிறந்த ஹுவான் லூயிஸ் விவெஸ், இங்கிலாந்து அரசி கேத்தரினுக்குக் காணிக்கையாக்கி எழுதிய பெண் கல்வி நூல் 1524-இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சானது. கன்னி, மனைவி, கைம்பெண் என மூன்று பகுதிகள். பெண்ணுக்கு இலத்தீன் கற்பிக்கலாம் என்ற அதே கை, கைம்பெண் நினைவுச் சின்னம்போல் அடங்கி வாழ வேண்டும், ஆண்கள் கூடும் இடங்களுக்குப் போகக் கூடாது, வழக்கு மன்றத்தைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதியது.

விவெஸின் சொந்த வாழ்க்கையை அறிந்தால் இந்தப் பகுதியை நெஞ்சு கனக்காமல் படிக்க முடியாது. அவர் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். அந்த நூல் அச்சான 1524-ஆம் ஆண்டிலேயே வாலென்சியாவில் மதவிசாரணை மன்றத்தின் தீர்ப்பால் அவருடைய தந்தை எரிக்கப்பட்டார், சொத்து பறிமுதலானது. அம்மாவின் சீதனம் அம்மாவுடையது, அதை எங்களிடம் கொடுங்கள் என்று விவெஸின் சகோதரிகள் வழக்காடினார்கள். தாய் பிளான்கா 1508-லேயே இறந்தவர். அந்தச் சீதன உரிமை நிலைக்கும்போல் இருந்த வேளையில், இறந்த தாயின் மீதே மதவிசாரணை தொடங்கியது. புதைத்த எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். பெண்ணின் சீதனத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. தந்தையோடு ஒரு நாளும் சண்டையிட்டுப் பார்த்ததில்லை என்று விவெஸ் தம் நூலில் மனமுருகிக் குறிப்பிடும் தாய் அவர்தான்.

வழக்கு மன்றத்தைத் தவிர்க்கச் சொல்லும் அறிவுரைக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு கைம்பெண் வேறு விதமாக எழுதியிருந்தார். கிறிஸ்டீன் டி பிசான் வெனிஸில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். இருபத்தைந்து வயதில் கணவர் போய்விட்டார். மூன்று குழந்தைகள், தாய் என்று குடும்பப் பாரம் முழுவதும் அவர் தலையில். கணவருக்கு வரவேண்டிய பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் பாரிஸ் நீதிமன்றங்களில் அலைந்தார். எழுதியே பிழைத்தார். பெண்களுக்காக 1405-இல் எழுதிய அறிவுரை நூலில் கைம்பெண்ணுக்குச் சொல்கிறார்: முடிந்தவரை வழக்கு வேண்டாம், ஆனால் போனால் தேர்ந்த வழக்கறிஞரின் சொல்லைக் கேள், விடாமல் பின்தொடர், செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள். பட்டவர் சொன்ன வார்த்தை. விவெஸின் பக்கங்களில் இல்லாதது இதுதான்.

விவெஸைவிட இன்னொரு மானுடவாதியான எராஸ்மஸ் இளகியவர். 1529-இல் அவர் கைம்பெண்களுக்காக எழுதிய நூலை ஹங்கேரியின் அரசி மேரிக்குக் காணிக்கையாக்கினார். 1526 ஆகஸ்ட் 29 அன்று மொஹாக்ஸ் போர்க்களத்தில் உதுமானியரிடம் தோற்றுத் தப்பியோடிய மன்னர் இரண்டாம் லூயி ஓடையில் மூழ்கி இறந்தபோது அவர் மனைவி மேரிக்கு வயது இருபது. குடும்பம் மறுமணத்தை எண்ணியது; மேரி மறுத்தார். 1531-இல் அண்ணன் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நெதர்லாந்தை ஆளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். வரி, படை, கலகம், கடன் என அத்தனையும் பார்த்துக்கொண்டு 1555 வரை ஆண்டார். தனிமையிலும் செபத்திலும் ஆறுதல் தேடச் சொல்லும் ஒரு நூலைப் பெற்றவர், ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்றை இருபத்து நான்கு ஆண்டுகள் நிர்வகித்தார்.

மறுபடி இத்தாலிக்கு வருவோம். வெனிஸில் மொடெராட்டா ஃபோன்டே என்ற பெண் எழுதிய உரையாடல் நூலில் ஏழு பெண்கள் ஒரு தோட்டத்தில் கூடிப் பேசுகிறார்கள். ஆண் யாரும் இல்லை. தோட்டத்துக்குச் சொந்தக்காரி லியோனோரா இளம் கைம்பெண். மறுமணமே வேண்டாம் என்பவள். சகோதரிகளின் சீதனத்தை அமுக்கிக்கொள்ளும் சகோதரர்களைப் பற்றி அவர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். ஃபோன்டேயின் சொந்தக் கணவர் அவருடைய சீதனத்தை அவர் பொறுப்பிலேயே திருப்பிக் கொடுத்தவர் என்பதால், அப்படியும் ஆண்கள் இருக்க முடியும் என்று அவர் அறிந்தேயிருந்தார். 1592-இல் நூலை முடித்த கையோடு பிரசவத்தில் இறந்தார். நூல் 1600-இல்தான் அச்சேறியது.

பெண்களுக்கு மறுமலர்ச்சி என்ற ஒன்று இருந்ததா என்று 1977-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் கெல்லி கேட்டார். இல்லை என்பதே அவர் விடை. மனைவிகளைப் பொறுத்தவரை அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கைம்பெண்களிடம் பேனா இருந்தது, கணக்கேடு இருந்தது, சில வேளைகளில் ஒரு நாடே இருந்தது. மானுடவாதிகளின் நூல்கள் அதைத் தந்தன என்று சொல்ல முடியாது. சீதனச் சட்டமும் சாவும் தந்தவை அவை.

மனைவி பேசக் கூடாது என்ற பார்பரோவின் நூல் 1513-இலேயே பாரிஸில் அச்சாகிவிட்டது. அலெஸ்ஸாண்ட்ராவின் கடிதங்கள் புத்தகமாக வந்தது 1877-இல். இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படிக்க நேரம் கிடைத்தால் கடிதங்களைப் படியுங்கள்.